விண்ணப்பமும் விடையும்: போர்க்கால அட்லாண்டா நகரமன்றம்

போரைப் பாடிய புலவர்கள் வேந்தரையும் மறவரையும் பாடினர்; போரை எழுதிய வரலாற்றாசிரியர்கள் படைத்தலைவரையும் வெற்றி தோல்விகளையும் எழுதினர். முற்றுகைக்குள்ளான ஊரில் விறகுக்கும் உணவுக்கும் வழிதேடி, நோயாளர்க்கு இடந்தேடி, இறந்தோர்க்குக் குழிதேடி நின்ற நகரமன்றங்களின் கதை, பாட்டிலும் இடம்பெறவில்லை. வரலாற்றிலும் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறவில்லை. அத்தகைய மன்றங்களுள் ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரை ஆண்ட மன்றமாகும். 1864 செப்டம்பரில் அம்மன்றம் எழுதிய ஒரு விண்ணப்பமும், அதற்குப் படைத்தலைவர் ஒருவர் அளித்த விடையும், சொல்லின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவன.

இருப்புப்பாதை ஈன்ற நகரம்

அட்லாண்டா ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறந்த ஊர் அன்று. 1837-இல் இருப்புப்பாதையின் கடைக்கோடியைக் குறிக்க நடப்பட்ட ஒரு முளையே அதன் வித்து. முதலில் ‘டெர்மினஸ்’ என்றும், 1843 முதல் ‘மார்த்தாஸ்வில்’ என்றும் வழங்கிய அவ்வூர், 1845-இல் அட்லாண்டா எனப் பெயர் பெற்று, 1847-இல் நகராயிற்று. 1860-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அதன் மக்கள்தொகை 9,554. நான்கு இருப்புப்பாதைகள் அங்குக் கூடின. அக்கூட்டமே அதன் செல்வத்திற்கும் பின்னர் அதன் அழிவிற்கும் காரணமாயிற்று.

1861-இல் தென்மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்புக் கண்டபோது, அட்லாண்டா அதன் பட்டறையாகவும் களஞ்சியமாகவும் மருத்துவமனையாகவும் மாறியது. அகதிகளும் தொழிலாளரும் காயமுற்ற வீரரும் வந்து குவிய, மக்கள்தொகை இருபதாயிரத்தைக் கடந்தது. சிற்றூர் ஒன்றிற்கென அமைந்த மன்றம், பெருநகரின் சுமையைச் சுமக்க நேர்ந்தது. 1850-இல் ஆறு ஏக்கர் பரப்பில் மன்றம் அமைத்த இடுகாடு மேன்மேலும் விரிந்தது. பின்னர் ஓக்லாந்து எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், தென்படை வீரர் ஏறத்தாழ 6,900 பேர் புதைக்கப்பட்டுள்ளனர். 1863 மார்ச் 18-ஆம் நாள், விலையேற்றத்தைத் தாங்கமாட்டாத பெண்கள் சிலர் கூட்டமாகச் சென்று, வொய்ட்ஹால் தெருக் கடையில் துப்பாக்கி காட்டிப் பன்றியிறைச்சியை எடுத்துச் சென்றனர். களத்தில் கணவரும் இல்லத்தில் பசியுமாக இருந்த மகளிர் அவர்கள்.

பெயரளவில் ஓர் ஆளுநர்

1862 முதல் 1865 வரை ஆண்டுதோறும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜேம்ஸ் கால்ஹூன். தென் கரோலினாவில் 1811-இல் பிறந்து, ஜார்ஜியாவில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். பிரிவினையை விரும்பாதவர், ஆயினும் தம் மாநிலம் பிரிந்தபின் அதனோடு நின்றவர். அவர்தம் மகன் தென்படையில் பணியாற்றினார். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் கால்ஹூன் என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். அவருடைய விண்ணப்பத்தைப் படிப்போர் மறக்கலாகாத செய்தி இது.

1862 ஆகஸ்டில் தென்படைத் தலைவர் பிராக்ஸ்டன் பிராக், அட்லாண்டாவில் இராணுவச் சட்டத்தை அறிவித்து, கால்ஹூனை அந்நகரின் ‘குடிமை ஆளுநர்’ ஆக்கினார். அப்பதவிக்குரிய அதிகாரம் யாது, கடமை யாது என மேயருக்கு விளங்கவில்லை. சட்ட நூல்களைப் புரட்டியும் விடை காணாது, கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்சுக்கு எழுதிக் கேட்டார். செப்டம்பர் 8-இல் ஸ்டீபன்ஸ் எழுதிய மறுமொழி ஒளிவு மறைவற்றது. அப்படி ஒரு பதவி சட்டத்தில் இல்லை. அதை வழங்கப் பிராக்குக்கு இருந்த உரிமை, தெருவில் நடந்து செல்லும் எவருக்கும் உள்ள உரிமையினும் மிக்கதன்று என்பது அதன் சாரம். அம்மாதத்திலேயே, படைத்தலைவர்கள் தாமாக அறிவித்த இராணுவச் சட்டங்கள் செல்லா எனக் கூட்டமைப்பின் போர்த்துறையும் ஆணையிட்டது. வாள் ஓங்கிய நாட்டில் தன் அதிகாரத்தின் எல்லை எது என்று ஒரு மேயர் எழுத்து மூலம் கேட்டார் என்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய விண்ணப்பத்தின் மனப்பாங்கு இதிலேயே முளைவிட்டிருத்தலைக் காணலாம்.

முற்றுகையும் சரணும்

1864 மே மாதம் ஒன்றியப் படைத்தலைவர் வில்லியம் ஷெர்மன் சாட்டனூகாவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஜூலை 17-இல் தென்படையின் தலைமை ஜான் பெல் ஹுட்டின் கைக்கு மாறியது. ஜூலை 20, 22, 28 ஆகிய நாள்களில் நகரின் புறத்தே நடந்த மூன்று பெரும்போர்களிலும் ஹுட் வெற்றி காணவில்லை. நகரைச் சுற்றிப் பொறியாளர் லெமுவல் கிரான்ட் அமைத்த அரண், அடிமைகளின் உழைப்பால் எழுந்தது. அவ்வரணைத் தாண்டி ஐந்து வாரங்களாகக் குண்டுகள் ஊருக்குள் விழுந்தன. அவற்றுள் ஒன்று விளக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்துச் சாலமன் லக்கி என்னும் முடிதிருத்துநரைத் தாக்கியது, அவர் பிழைக்கவில்லை. அடிமைத்தளை இல்லாது அந்நகரில் வாழ்ந்த மிகச் சில கறுப்பின மக்களுள் அவர் ஒருவர். அவ்விளக்குக் கம்பம் இன்றும் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

ஜோன்ஸ்பரோவில் கடைசி இருப்புப்பாதையும் அறுபட்டபின், செப்டம்பர் முதல் நாள் இரவு ஹுட் நகரை விட்டு நீங்கினார். எடுத்துச் செல்ல இயலாத வெடிமருந்துத் தொடர்வண்டியைத் தம் கையாலேயே கொளுத்திச் சென்றார். 1939-இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ திரைப்படம் உலகெங்கும் பரப்பிய தீக்காட்சி அந்த இரவினதே ஆகும். பலர் எண்ணுவதுபோல் ஷெர்மன் மூட்டிய தீ அன்று அது.

மறுநாள் காலை நகரில் படையும் இல்லை, அரசும் இல்லை. எஞ்சி நின்றது நகரமன்றம் ஒன்றே. கால்ஹூன், முன்னாள் மேயர் வில்லியம் மார்க்கம் உள்ளிட்ட சிலருடன் குதிரையேறி மாரியட்டா சாலை வழியே சென்று, எதிர்ப்பட்ட கர்னல் ஜான் கோபர்னிடம் நகரை ஒப்படைத்தார். அப்போது எழுதித் தந்த குறிப்பு மிகச் சுருக்கமானது: போரின் ஊழ் நகரை உங்கள் கையில் தந்துவிட்டது, போரிடாத மக்களுக்கும் அவர்தம் உடைமைக்கும் காப்பு வேண்டுகிறேன் என்பதே அதன் பொருள்.

வெளியேற்ற ஆணை

அக்காப்பு நிலைக்கவில்லை. நகரில் உள்ள குடிமக்கள் அனைவரும் வெளியேற வேண்டும். விரும்புவோர் வடக்கே செல்லலாம், ஏனையோர் தெற்கே செல்லலாம் என்று ஷெர்மன் முடிவு செய்தார். மெம்பிஸ், விக்ஸ்பர்க் போன்ற நகரங்களைப் பிடித்தபின் அவற்றைக் காக்கப் பெரும்படையைத் தேக்கி வைக்க நேர்ந்ததை அவர் அறிவார். பகைகொண்ட மக்களுக்கு உணவளித்துக் காவலிருக்க அவர் உடன்படவில்லை. செப்டம்பர் 7-இல் இம்முடிவை ஹுட்டுக்குத் தெரிவித்தார். ஹுட் 9-ஆம் நாள் எழுதிய மறுமொழியில், வேறு வழியின்றி இசைந்தாலும், போர்களின் இருண்ட வரலாற்றிலேயே இதற்கு நிகரான கொடுமை இல்லை என்று சாடினார். முன்னறிவிப்பின்றிக் குண்டு வீசியதையும் குற்றமாகக் கூறினார். அரண் சூழ்ந்த நகருக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை என்றும், வீடுகளை ஒட்டி அரண் எழுப்பியவர் ஹுட்டே என்றும் ஷெர்மன் திருப்பியடித்தார்.

ஆவையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் முன்னறிவித்துக் காப்பிடம் தேடச் சொல்லும் அறத்தாற்றை, நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாட்டில் (9) பயின்றவர்க்கு இச்சொற்போர் புதுமையாகத் தோன்றாது. அறிவிப்பது அறமா, அறிவித்துவிட்டால் மட்டும் அறம் நிறைந்துவிடுமா என்னும் வினா இரு நிலத்திற்கும் பொதுவானது.

மன்றத்தின் விண்ணப்பம்

இரு படைத்தலைவரும் ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டிருக்க, செப்டம்பர் 11-ஆம் நாள் மன்றம் எழுதியது. கையெழுத்திட்டோர் மூவர்: மேயர் கால்ஹூன், மன்ற உறுப்பினர்களான ஈ. ஈ. ராசன், எஸ். சி. வெல்ஸ்.

அவ்விண்ணப்பத்தில் வசைச் சொல் ஒன்றும் இல்லை. கொள்கை விளக்கமும் இல்லை. தளபதியின் பணிச்சுமையை அறிவோம், எனினும் இதன் முழு விளைவை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார் என்று பணிவுடன் தொடங்கி, உடனே கண்முன் உள்ள மக்களைக் காட்டுகிறது. நிறைசூல் கொண்ட பெண்கள், கைக்குழந்தையுடைய தாயர், படையில் சேர்ந்தோ சிறைப்பட்டோ இறந்தோ போன கணவர்களின் மனைவியர், தன் வீட்டில் நோயாளி கிடக்கிறார், தான் போனால் யார் பார்ப்பார் என்று கேட்பவர், போக்கிடம் இல்லை என்பவர். தெற்கே செல்வோர் எங்கே தங்குவர் என்றும் அது கேட்கிறது. முன்பே வடபகுதியிலிருந்து ஓடிவந்தோர் தேவாலயங்களிலும் புறக்கொட்டில்களிலும் நெருக்குண்டு கிடக்கின்றனர், குளிர்காலமோ நெருங்குகிறது, காட்டில் பெண்டிரும் பிள்ளைகளும் எவ்வாறு உயிர் பிழைப்பர்? ஆதரவற்ற இம்மக்கள் வீடிழந்து பிறர் ஈகையை நம்பி அலைய என்ன பிழை செய்தனர் என்ற வினாவுடன், ஆணையை மறுபடி எண்ணிப் பார்க்குமாறு வேண்டி முடிகிறது.

இதன் உரம் பொதுமைச் சொற்களில் இல்லை. ‘மக்கள் துன்புறுவர்’ என்ற ஒரு தொடரில் அடங்கக் கூடியதை மன்றம் ஒவ்வொருவராகப் பிரித்து எண்ணிக் காட்டுகிறது. வீடு வீடாக நிலைமை அறிந்தவர் எழுத்து இது. தம்மிடம் படையும் பேரமும் இல்லாத மூவர், தாம் அறிந்த ஊரை மட்டுமே சான்றாக வைத்தனர்.

ஷெர்மனின் விடை

மறுநாளே, செப்டம்பர் 12-இல், விடை வந்தது. விண்ணப்பத்தைக் கருத்துடன் படித்ததாகவும், அதில் கூறிய துன்பங்கள் உண்மையே என்றும் ஷெர்மன் ஒப்புக்கொண்டார். ஆணையை மட்டும் திரும்பப் பெறவில்லை. போர் என்பதே கொடுமை, அதை மென்மையாக்க இயலாது; போரைக் கொண்டுவந்தவர்களே அதன் பழிக்கு உரியவர்; இடிமழையைத் தடுக்க முறையிடுவதும் போரின் இன்னல்களைத் தடுக்க முறையிடுவதும் ஒன்றே என்பது அவர் வாதம். உங்கள் நிலமோ வீடோ அடிமைகளோ எமக்கு வேண்டா, நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிதலே வேண்டும் என்றார். அமைதி வந்த பின்னர்த் தம் கடைசி உணவையும் பகிர்ந்துகொள்வதாக உறுதி கூறினார். முதியோரையும் பிணியாளரையும் உடன் அழைத்துச் சென்று பேணுங்கள் என்று முடித்தார்.

உரைநடை என்ற அளவில் ஷெர்மனின் மடலே மிகுதியும் மேற்கோள் காட்டப்படுவது. 1875-இல் வெளிவந்த அவர்தம் நினைவுக் குறிப்புகளிலும் அது இடம்பெற்றது. அதன் வீறு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இடிமழை என்னும் உவமை ஆய்வுக்குரியது. இடி தானே விழுவது. ஆணை ஒருவர் எழுதுவது. மனிதர் முடிவை இயற்கையின் செயலாக்கி விடும்போது, முடிவெடுத்தவர் மறைந்துவிடுகிறார். உவமையின் ஆற்றலை அறிந்த கவிஞர்கள் அதன் இந்த ஆபத்தையும் அறிந்திருத்தல் நலம்.

அன்றே பத்து நாள் போர் நிறுத்தம் தொடங்கியது. தெற்கே சென்றோர் ‘ரஃப் அண்ட் ரெடி’ என்னும் நிலையத்தில் ஹுட்டின் ஆட்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஒன்றியப் படையின் கணக்குப்படி அவர்கள் 446 குடும்பத்தினர்: பெரியவர் 705, குழந்தைகள் 860, ஏவலர் 79. பெரியவரினும் குழந்தைகளே மிகுதி என்பது விண்ணப்பத்தின் உண்மைக்குப் பகைவர் கையே எழுதிய சான்றாகும். நவம்பர் 15-இல் கடல் நோக்கிப் புறப்பட்டபோது, ஷெர்மனின் படை நகரைத் தீக்கிரையாக்கியது. கத்தோலிக்கக் குரு தாமஸ் ஓ’ரெய்லி தளபதி ஸ்லோகமிடம் வாதாடியதால் தேவாலயங்கள் சிலவும் நகரமன்றக் கட்டடமும் தப்பின.

விண்ணப்பம் எண்ணாத மக்கள்

விண்ணப்பத்தை மீண்டும் படிக்கையில் ஒரு வெற்றிடம் புலப்படும். சூலுற்றோரையும் நோயுற்றோரையும் எண்ணிய மன்றம், அடிமைகளை எண்ணவில்லை. படைத்தலைவரின் கணக்கிலோ அவர்கள் ‘ஏவலர் 79’ என்று சுருங்கினர். வீட்டை விட்டு விரட்டப்படும் துயரை இத்துணை நுட்பமாக உணர்த்தியவர்கள், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற சந்தை தங்கள் நகரிலேயே நடந்ததை அத்துயரோடு இணைத்து நோக்கவில்லை. இதனால் விண்ணப்பம் பொய்யாகிவிடாது. 860 குழந்தைகளின் குளிர் உண்மைக் குளிரே. இரக்கம் எவர்வரை நீள்கிறது என்பதே ஓர் எழுத்தின் இறுதி அளவுகோல் என்பதை மட்டும் அது உணர்த்துகிறது.

அவ்வெற்றிடத்தை வரலாறு மெல்லவே நிரப்பியது. 1870 டிசம்பரில் நடந்த தேர்தலில், அடிமையாகப் பிறந்து தையற்காரராக வாழ்ந்த வில்லியம் பிஞ்ச், ஜார்ஜ் கிரகாம் ஆகிய இரு கறுப்பினத்தவர் அதே நகரமன்றத்திற்குத் தேர்வு பெற்றனர். கறுப்பினச் சிறார்க்குப் பொதுப்பள்ளி வேண்டுமென்று பிஞ்ச் அங்கே வாதிட்டார். ஆனால் அவ்வாயில் விரைவில் அடைபட்டது. 1965-இல் கியூ. வி. வில்லியம்சன் தேர்வு பெறும்வரை வேறு கறுப்பினத்தவர் எவரும் அம்மன்றத்தில் அமரவில்லை. 1973-இல் மேனார்ட் ஜாக்சன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முடிவுரை

கால்ஹூன் 1875-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் மகன் அந்நகரின் மேயரானார். 1887-இல் நகரம் ஏற்ற முத்திரையில், நெருப்பிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை பொறிக்கப்பட்டது. பறவையின் இருபுறமும் 1847, 1865 என்னும் ஆண்டுகள் உள்ளன. விண்ணப்பம் எழுதப்பட்ட 1864 அதில் இல்லை.

பயன் கருதி நோக்கின் அவ்விண்ணப்பம் தோற்றது. ஆணையின் ஓர் எழுத்தையும் அது மாற்றவில்லை. எனினும், வெளியேற்றப்பட்டோர் யாவர், எந்நிலையில் இருந்தனர் என்று பின்வருவோர் அறிய விரும்பினால், தளபதியின் வீறார்ந்த மடல் உதவாது; மன்றத்தார் மூவரின் எளிய தாளையே நாட வேண்டும். வெல்ல இயலாத இடத்திலும் கண்டதைக் கண்டவாறு எண்ணிச் சொல்வது எழுத்தின் கடமை. எண்ணத் தவறியவர் யார் என்று கேட்பது அதைப் படிப்போரின் கடமை.