நிறமூர்த்தம்

குரோமோசோம் என்ற பெயரை 1888இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர் இட்டார். கிரேக்கத்தில் குரோமா என்பது நிறம், சோமா என்பது உடல். ஈழத்துப் பாடநூல்கள் அதை நிறமூர்த்தம் ஆக்கின. நிறப்புரி என்றும் தமிழில் எழுதுவதுண்டு. புரி என்றால் முறுக்கிய இழை. எனக்கு மூர்த்தமே பொருத்தமாகப் படுகிறது. செல் பிரியும் வேளையில்தான் அந்த இழை திரண்டு தனித்தனி உருக்கொள்கிறது. மூர்த்தம் என்பதும் உருக்கொண்டதுதான். வலப்பாதி ஆணும் இடப்பாதி பெண்ணுமான அர்த்தநாரீசுவரரைச் சிவமூர்த்தமாக வணங்கும் திருச்செங்கோட்டாருக்கு இச்சொல் அந்நியமன்று.

நிறமற்ற பொருளுக்கு நிறப்பெயர் எதற்கு, மரபைச் சுமக்கும் வேலையையல்லவா பெயர் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நிறம் நாம் ஏற்றிய சாயம். கண்ட வழியைப் பெயர் நேர்மையாகச் சொல்கிறது. இன்றும் ஆய்வகத்தில் இரத்த வெள்ளணுக்களை ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, கொல்சிசின் வகை மருந்தால் பிரிதலை நடுவே நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பி ஜீம்சா சாயமேற்றுகிறார்கள். குரோமோசோம்களின் பட்டைகள் அப்போதுதான் தெரியும். 48 என்று நம்பிய மனிதக் குரோமோசோம் எண்ணிக்கை 46தான் என்பதே 1956இல், ஆய்வாளர்கள் சியோவும் லெவானும் தெளிவாகப் பரப்பிப் பார்த்த பிறகுதான் உறுதியானது. குரோமோசோமைத் தகட்டில் பரப்பிப் பார்க்கத் தேவையில்லாத மைக்ரோஅரே சோதனை வந்துவிட்டதே என்பார்கள். அது குரோமோசோம் துண்டுகளின் கூடுதல் குறைவைக் காட்டும். அளவு மாறாமல் இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தால் காட்டாது. கரு அடிக்கடி கலையும் தம்பதியரிடம் தேட வேண்டியவற்றுள் அந்த இடமாற்றமும் ஒன்று. அதற்குச் சாயமேற்றிய தகட்டையே இன்னும் நாடுகிறார்கள்.