டாக்டருக்குக் கணக்கு எதற்கு?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?" டாக்டர் கனவு இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு ஒரு வீண் சுமை என்பது ஒரு கட்சி. இரண்டு வாசலும் திறந்திருக்கட்டும் என்பது இன்னொரு கட்சி. நான் பி.காம்., எனக்கு இரண்டு கட்சியிலும் பங்கு கிடையாது. அதனால் கொஞ்சம் தள்ளி நின்று இதன் வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு தலைகீழ்க் கதை. நூறு வருடத்துக்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஃப்.ஏ. என்று ஒரு இரண்டு வருடப் படிப்பு இருந்தது. அதில் குரூப் எல்லாம் கிடையாது. ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க-ரோம வரலாறு என்று எல்லோரும் எல்லாவற்றிலும் பாஸ் செய்தாக வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த ஒரு பையன் கணக்கைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. உதவித்தொகை போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவரைக் கவிழ்த்தது உடலியல் பாடம்! 1907-ல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா ஆனார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். ஆமாம், ராமானுஜன்தான்.

இந்தக் கதையைப் படித்தால் "வேண்டாத பாடத்தைத் தலையில் கட்டாதே" என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்ததும் அதுதான். எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது, பிறகு பி.யு.சி., 1978-ல் பிளஸ் டூ. பாடங்கள் குரூப்களாகப் பிரிந்தன. 1984-ல் வந்த மாநில நுழைவுத் தேர்விலும் மருத்துவத்துக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் போதும். 2006-ல் சட்டம் போட்டு அந்தத் தேர்வை எடுத்த பிறகு, மருத்துவ கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்பட்டது: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்துக்குப் பூஜ்யம். 2017-லிருந்து நீட். மொத்தம் 720-ல் உயிரியலுக்கு 360, மற்ற இரண்டுக்கும் தலா 180. இதிலும் கணிதம் என்று தனியாக ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒரு டிகிரி முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பல கல்லூரிகள் கால்குலஸோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

அப்படியென்றால் நம் ஊரில் கணக்கே வேண்டாமா? இங்கேதான் சிக்கல். நீட் இயற்பியலில் வெக்டர், மடக்கை, வகையீடு இல்லாமல் நகர முடியாது. கால்குலேட்டரும் கிடையாது. கணக்கை விட்டுவிட்டு வந்த பிள்ளை அதே கணக்கை இயற்பியல் வாத்தியாரிடம் அவசர அவசரமாகப் படிக்கிறது. இன்னொன்று, சீட் கிடைக்காவிட்டால்? பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு 100 கணிதத்துக்குத்தான். பியூர் சயின்ஸ் எடுத்தவருக்கு அந்த வாசல் மூடியாகிவிட்டது. பதினைந்து வயதில் எடுக்கிற முடிவு இது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மருத்துவமே கணக்கில்தான் நிற்கிறது. அதற்கு உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்திலிருந்து. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. காச நோயாளியை மாதக்கணக்கில் அப்படி வைத்திருப்பதுதான் அன்றைய உலக வழக்கம். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ கொஞ்சம்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருக்கிற ஏழை நோயாளி, மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாவாரா?

யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்று டாக்டர் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி தற்செயலாகப் பிரித்தார்கள். டாக்டர் பிரித்தால் மோசமான கேஸ்களை சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார், ஒப்பீடு கெட்டுப்போகும். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் புது மருந்து எதுவும் இல்லை, கவனித்தீர்களா? தற்செயல் பிரிப்பு, ஒப்பீடு, நிகழ்தகவு. எங்கள் பி.காம். புள்ளியியல் தாளில் வருகிற அதே சமாச்சாரம்தான். அந்தக் கணக்கு இல்லையென்றால் "சானடோரியம்தான் நல்லது" என்று பெரிய டாக்டர்கள் சொன்னதை நம்பிக்கொண்டு, படுக்கை கிடைக்காத ஏழைகள் வாசலிலேயே காத்திருந்திருப்பார்கள்.

என் கட்சி இதுதான். ராமானுஜனிடம் உடலியலைத் திணித்தது தப்பு என்றால், டாக்டர் ஆகப்போகிற எல்லோரிடமும் முக்கோணவியலைத் திணிப்பதும் தப்புதான். ஆனால் பூஜ்யம் என்பதும் சரியில்லை. பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு ஒரு தாள் புள்ளியியல் வைக்கலாம். எம்.பி.பி.எஸ்.ஸில் சமூக மருத்துவத்தில் அது எப்படியும் வரப்போகிறது. முன்னாடியே அறிமுகமானால் பயம் இருக்காது.

இந்த வருடம் குரூப் தேர்ந்தெடுக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கணக்கு பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், அது உங்கள் உரிமை. கணக்கு தேவையில்லை என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மட்டும் விடாதீர்கள்.