பதினோரு மணிக்கு அடங்கும் ஊர்

ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் கேப் வேலப்பஞ்சாவடியில் திரும்பும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். ஓரமாக ஒரு அண்ணன் சைக்கிளில் கேன் கட்டி டீ விற்றுக்கொண்டிருப்பார். அவரைச் சுற்றி நாலைந்து லாரி டிரைவர்கள், ஒரு வாட்ச்மேன். நான்கு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் அந்த டீயைக் குடித்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "வழியில நிறுத்தக் கூடாதும்மா. வண்டி எங்க நின்னுச்சுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சிடும்" என்றார் டிரைவர். அதோடு விட்டுவிட்டேன். அங்கிருந்து நூம்பல் ஐந்து நிமிஷம். தெரு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும், நாய்களைத் தவிர.

பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தோழி கேட்டாள்: "இவ்வளவு பெரிய ஊர்ல பதினோரு மணிக்கு மேல எல்லாரும் என்னதான் பண்றீங்க?" தூங்குவோம் என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. இதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பதில் 'நம்ம கலாச்சாரம் அப்படி' என்பது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

முதலில் கலாச்சாரம். இரவுக்கடைக்கு 'அல்லங்காடி' என்று தனியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையின் ஒரு முழு இரவை யாமம் யாமமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் 'தூங்கா நகரம்' என்று இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கவனித்துப் படித்தால் அந்த மதுரையும் அடங்குகிறது. இரண்டாம் யாமத்தில் கடைகளை அடைக்கிறார்கள், அடை விற்கிறவர்கள் தூங்கிவிடுகிறார்கள், கூத்தாடியவர்களும் படுத்துவிடுகிறார்கள். மூன்றாம் யாமத்தில் விழித்திருப்பவர்கள் கள்வர்களும் அவர்களைத் தேடும் காவலர்களும்தான். பிறகு விடியலுக்கு முன்பே ஊர் மறுபடி எழுந்துவிடுகிறது. ஆக, இரவில் நடமாடுவது நமக்குப் புதிதல்ல. கடை அடைக்கும் நேரமும் புதிதல்ல. சென்னைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது மதுவிலக்கை. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் கருணாநிதி விலக்கும்வரை 23 வருஷம். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கல்யாணமும் செய்துகொள்ளும் காலம் அது. அந்தக் காலம் முழுக்க இரவில் குடிப்பது என்றால் ஒளிந்து குடிப்பது. பிறகும் மூடித் திறந்து, 1983இல் டாஸ்மாக் வந்து, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. அரசே கடைக்காரர் ஆனபின், கடை மூடும் நேரம் இரவு பத்து என்பது ஊரின் கடிகாரமாகவே ஆகிவிட்டது.

சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பம்பாய் வந்து கெடுத்தது. அங்கேயும் 1949இல் சட்டம் போட்டு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள். பல வருஷம் நீடித்தது. ஆனால் அந்த ஊரின் இரவு சாகவில்லை. வீடுகளுக்குள் 'ஆன்ட்டி பார்' முளைத்தது, தெரு விழித்தே இருந்தது. அப்படியென்றால் மதுவிலக்கு மட்டும் ஒரு ஊரைத் தூங்கவைக்காது.

இரண்டு ஊர்களின் வரைபடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பம்பாய் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான தீவு. ஆட்கள் பரவ இடமில்லை, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டார்கள். மெட்ராஸ் அப்படியில்லை. 1639இல் கோட்டைக்கு நிலம் வாங்கிய கம்பெனிக்காரர்கள், அடுத்த நூற்றாண்டின் கடைசியில் கோட்டையை விட்டு எழும்பூர், நுங்கம்பாக்கம், சேப்பாக்கம் என்று போய்ப் பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். நடுவில் இருந்த கிராமங்கள் கிராமங்களாகவே இருந்தன. நகரம் ஒரு இடத்தில் குவியாமல் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே சிதறியது. திருவல்லிக்கேணிக்காரருக்கு அவருடைய கோயிலும் குளமும் கடைத்தெருவும் இருந்தன, மயிலாப்பூர்க்காரருக்கு அவருடையது. ராத்திரியில் எல்லோரும் வந்து கூட ஒரு நடு இடம் தேவைப்படவில்லை.

இரவில் ஒரு கடை திறந்திருக்க வேண்டுமென்றால் அதன் வாசலைத் தாண்டி ஆட்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நடந்த இடம் மவுண்ட் ரோடு. 1895இல் வந்த டிராம், சினிமாக் கொட்டகைகள், பிறகு 1964இல் சஃபையர், 1970இல் தேவி. மெட்ராஸுக்கென்று ஒரு இரவு இருந்தது என்றால் அது செகண்ட் ஷோதான். ஆனால் படம் விட்ட பிறகு வீடு பத்து மைல் தள்ளி இருக்கும். டிராம் 1953இல் நின்றுபோனது. கடைசி பஸ், கடைசி ரயில், அவ்வளவுதான். படம் முடிந்து யாரும் அங்கே நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மேற்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. பெரம்பூரில் 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்க் தொழிற்சாலை (முதல் விஜயந்தா 1965இல் வெளிவந்தது), அம்பத்தூரில் சைக்கிள், பிறகு தொழிற்பேட்டை. மூன்று ஷிப்ட். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான ஆண்கள் வெளியே வரும் ஊர் தூங்கா நகரமாக ஆகியிருக்க வேண்டாமா? பம்பாயில் ஆனது. அங்கே ஆலையும் சாலும் ஒரே தெருவில். ஒரே அறையைப் பத்துப் பேர் பங்குபோட்டதால் மீதிப் பேருக்குத் தெருதான் வீடு. டீக்கடை, சாப்பாட்டு மெஸ், தமாஷா எல்லாம் அப்படி வந்தவை.

அம்பத்தூரில் அந்தக் கதை நடக்கவில்லை. என் அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் இருந்தார். இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் அயனம்பாக்கம் வழியாக சைக்கிளில் நூம்பல். அவரைப்போலவே ஒருவர் கொரட்டூர், ஒருவர் திருவேற்காடு, ஒருவர் பட்டாபிராம் என்று ஆளுக்கு ஒரு கிராமத்துக்குக் கலைந்து போனார்கள். "கேட்டு வாசல்ல ஒரு டீ, ஒரு பீடி. அதான் எங்க நைட் லைஃப்" என்பார் அப்பா. "அதுக்குமேல நின்னா உங்கம்மா சோத்துல தண்ணி ஊத்திடுவா."

அம்மா முழித்திருப்பாள். அவள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெருவை எட்டிப்பார்த்தது அப்பாவின் சைக்கிள் மணி கேட்கிறதா என்று பார்க்க மட்டும்தான். இந்த இடத்தில்தான் 'கலாச்சாரம்' என்ற சொல்லுக்குள் ஒரு சட்டமும் இருப்பது தெரிகிறது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம், 66ஆம் பிரிவு: இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு வரை தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்யக் கூடாது. பாதுகாப்புக்காகத்தான். விளைவு, ஷிப்ட் ஊர்களின் இரவு முழுக்க ஆண்களுடையதாக இருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அதே வருஷங்களில் கால் சென்டர்கள் வந்தன. எனக்கு இரவு கிடைத்தது இப்படித்தான்: அலுவலக வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள். வேலை செய்ய இரவு உண்டு. நிற்க இல்லை.

2019இல் தமிழக அரசு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு ஆணை போட்டது, 2022இல் நீட்டித்தது. 2020 ஜனவரியில் மகாராஷ்டிராவும் மும்பைக்கு அப்படி ஒன்றை அறிவித்தது. ஆணை வந்தபின்னும் எங்கள் பக்கத்தில் பதினோரு மணிக்கு ரோந்து வண்டி மெதுவாக வரும், பரோட்டா கடை ஷட்டர் பாதி இறங்கும். கேன் டீ அண்ணனிடம் பத்துப் பேர் வேலை செய்யவில்லை. அவருக்கு அந்த ஆணை பொருந்தாது.

ஆனால் ஊர் உண்மையிலேயே தூங்குகிறதா? எங்களிடமிருந்து கிழக்கே அதே நெடுஞ்சாலையில் கோயம்பேடு. 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து இடம் மாறிய சந்தை. ராத்திரியெல்லாம் லாரி இறங்கும், மூணு மணிக்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும். 2020 மே மாதம் கொரோனாவால் அதை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்தச் சில மாதங்கள் நடுராத்திரியில் எங்கள் பக்கத்து சாலை திருவிழாபோல இருந்தது. நகரத்தின் நடுராத்திரி எங்கே ஒளிந்திருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். மூட்டை தூக்குபவர்கள், பூ வாங்க வரும் அக்காக்கள், மினி வேன் டிரைவர்கள். இவர்களுடைய இரவை யாரும் நைட் லைஃப் என்று சொல்வதில்லை.

சென்னையின் முழிப்பு நடுராத்திரியில் இல்லை, நாலு மணியில் இருக்கிறது. பால், பூ, கோலம், மார்கழி ஸ்பீக்கர் எல்லாம் அந்த நேரம்தான். பெரிய நடிகர் படம் வந்தால் கொண்டாட்டமும் விடியற்காலை நாலு மணிக் காட்சியில்தான் நடந்தது. 2023 ஜனவரியில் ஒரு ரசிகர் இறந்த பிறகு கெடுபிடி வந்தது. அந்த அக்டோபரில் 'லியோ'வின் முதல் காட்சியே காலை ஒன்பதுக்குத்தான்.

நான் தெருவில் விடிய விடிய உட்கார்ந்தது என் வாழ்க்கையில் ஒரே இடத்தில், கூத்தில். பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழா. பத்து மணிக்குக் கட்டியங்காரன் வருவான், பொழுது விடியும்போது துரியோதனன் விழுவான். அம்மா, பெரியம்மா, தெருப் பெண்கள் எல்லோரும் பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு போவோம். இரண்டு மணிக்கு அம்மா எழுந்துபோய்ச் சுக்குக் காப்பி வாங்கி வருவாள், தனியாக. யாரும் அவளை ஏன் இந்நேரத்தில் வெளியே நிற்கிறாய் என்று கேட்டதில்லை. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்தில் 15 நாள் மட்டும், அதுவும் பன்னிரண்டு மணி வரை, தளர்த்தலாம். விதி நியாயமானதுதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூத்து இப்போது பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது.

தோழியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வதென்றால், பரந்து கிடக்கும் ஊர், சீக்கிரம் நிற்கும் பஸ், அரசே மூடும் கடை, நாலு மணிக்கு அடிக்கும் அலாரம் என்று வரிசையாகச் சொல்வேன். பப் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. கூட்டம் இருந்ததால்தான் அம்மா அன்று பயமில்லாமல் நின்றாள். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஆளில்லாத தெருவில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்கிறோம்.

போன வாரம் லீவு நாளில், அப்பாவைக் கேட்டேன். "வேலப்பஞ்சாவடி வரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு வரலாமாப்பா?" மணி பன்னிரண்டரை. ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டினார். அம்மாவும் வந்தாள். மூன்று பேரும் நின்று குடித்தோம். டீ சுமார்தான், சர்க்கரை அதிகம். பாதி குடிப்பதற்குள் ரோந்து வண்டி வந்தது. எங்களைப் பார்த்தது, வேகத்தைக் குறைத்தது, பிறகு போய்விட்டது.