ஆளில்லாத் தரைப்பொறிகள்: ஒரு வரலாற்று நோக்கு

போர்த்தொழிலிற் பொறிகளைப் பயன்படுத்தும் எண்ணம் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலைக் காத்த பொறிகள் பலவற்றை நிரல்படக் கூறும். தானே வளைந்து அம்பெய்யும் வில்லும், சேர்ந்தாரைக் கடிக்கும் குரங்கு வடிவப் பொறியும் அவற்றுட் சில. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையிலே, உதயணனைச் சிறைபிடிக்க விழைந்த பிரச்சோதன மன்னன் வீரரை உள்ளே மறைத்த யானைப்பொறியொன்றை அனுப்பினான் என்பது கதை. இவற்றைக் கொண்டு, முன்னோர் இக்கால இயந்திரங்களை எல்லாம் அறிந்திருந்தனர் எனச் சாதிப்பது வரலாற்று நெறியாகாது. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. யானைப்பொறியின் வயிற்றினுள்ளே மனிதர் இருந்தனர். இக்காலத் தரைப்பொறியின் உள்ளே ஒருவரும் இலர். அதனை இயக்குபவன் தொலைவிலே இருக்கிறான். பொறியினின்றும் மனிதனை வெளியே எடுத்து, ஆபத்துக்கு அப்பால் நிறுத்த முயன்ற முயற்சியின் வரலாறே ஆளில்லாத் தரைப்பொறியின் வரலாறாகும். அம்முயற்சி எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது என்பதும், மனிதன் விலகி நின்றபோது அவனது பொறுப்பும் உடன் விலகிற்றா என்பதும் ஆராயத்தக்கன.

பெயரும் தொடக்கமும்

‘றோபோ’ என்னுஞ் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கு 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகமொன்றின் வாயிலாக உலக வழக்குக்கு வந்தது. அதனை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசேப்பு. ‘றொபோட்டா’ என்னும் செக் சொல் குடிகள் தம் தலைவர்க்குச் செய்த கட்டாய ஊழியத்தைக் குறிப்பது. இலங்கை மக்கள் முன்னாளில் அறிந்திருந்த இராசகாரியத்தோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. மனிதன் செய்ய விரும்பாத வேலையை ஏற்பது என்னும் பொருள் அப்பெயரிலேயே அமைந்து கிடக்கிறது.

பெயர் பிறக்குமுன்னரே கருத்துப் பிறந்துவிட்டது. 1898ஆம் ஆண்டில் நிக்கொலா தெசுலா என்னும் அறிஞர், கம்பித் தொடர்பின்றி வானொலி அலைகளால் இயங்கும் சிறு படகொன்றை நியூயோர்க்கு நகரிலே மக்கள் காண இயக்கிக் காட்டினார். முதலிற் படகு இயங்கியது தற்செயலன்று. நீர்ப்பரப்பு பெரும்பாலும் சமமானது; வானமும் தடையற்றது. நிலமோ கல்லும் பள்ளமும் மரமும் சுவரும் நிறைந்தது. மேலும், வானொலி அலைகள் மேடுகளாலும் கட்டடங்களாலும் மறிக்கப்படுவன. ஆளில்லா விமானத்தினும் ஆளில்லாத் தரைவண்டி மெதுவாகவே வளர்ந்தமைக்கு இவையே தலையாய காரணங்கள்.

உலகப்போரிற் பெற்ற பாடம்

இத்தகைய வண்டிகளைப் போர்முனையிலே முதன்முதலாகப் பெருமளவிற் சோதித்தவர்கள் சோவியத்து ஒன்றியத்தாரும் ஜேர்மானியரும் ஆவர். 1939ஆம் ஆண்டிற் பின்லாந்தோடு மூண்ட குளிர்காலப் போரிலே, சோவியத்துப் படையினர் ஆளில்லாத் தாங்கிகளைப் பின்னால் வந்த மற்றொரு தாங்கியிலிருந்து வானொலி மூலம் செலுத்தினர்.

ஜேர்மானியரின் ‘கோலியாத்து’ இதனினும் பெயர்பெற்றது. பிரான்சிலே பணியாற்றிய அடோல்பு கெகிறெசு என்னும் பொறியியலாளர் ஆக்கிய மாதிரியைத் தழுவி, 1942ஆம் ஆண்டு முதல் இது களத்துக்கு வந்தது. இடுப்பளவும் உயராத இச்சிறு சங்கிலிவண்டி, முதல் வகையில் 60 கிலோகிராம் வெடிமருந்தைச் சுமந்து சென்றது. நீண்ட கம்பியின் வழியாக வீரனொருவன் அதனைச் செலுத்தி, இலக்கை அடைந்ததும் வண்டியோடு சேர்த்து வெடிக்கச் செய்வான். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கோலியாத்துகள் செய்யப்பட்டும், எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வண்டி மெல்ல ஊர்ந்தது. அதன் கவசம் மெலிது. ஒருமுறைக்கு மேற் பயன்படாத அதன் விலையோ பெரிது. கம்பியை வெட்டினால் அது வெறும் இரும்பாகிவிடும். 1944ஆம் ஆண்டு வார்சோவில் எழுச்சி செய்த மக்கள் இதனை நன்கறிந்து, கம்பிகளை அறுத்தே பல வண்டிகளை முடக்கினர். மனிதனைத் தொலைவில் நிறுத்தலாம். ஆனால், அவனைப் பொறியோடு இணைக்கும் தொடர்பே பொறியின் உயிர்நிலை என்பது அப்போர் புகட்டிய பாடமாகும்.

தள்ளுவண்டி தந்த திருப்பம்

அழிப்பதற்கென்று பிறந்த இப்பொறி, காப்பதற்கு உரியதாக மாறியமை 1972ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வட அயர்லாந்திலே வாகனங்களுள் வைக்கப்பட்ட குண்டுகளைச் செயலிழக்கச் செய்யச் சென்ற பிரித்தானிய வீரர் பலர் உயிரிழந்தனர். அந்நிலையில், லெப்டினன்ற் கேணல் பீற்றர் மில்லர் என்பவர், மின்கலத்தால் இயங்கும் தள்ளுவண்டியொன்றின் அடிச்சட்டத்தைக் கொண்டு, ஐயத்துக்குரிய வாகனத்தைத் தொலைவிலிருந்து கொளுவி இழுக்கலாம் எனக் கருதினார். அக்கருத்தினின்று தோன்றிய பொறிக்குத் தள்ளுவண்டி என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது.

இழுப்பதற்கென வந்த அவ்வண்டியிற் பின்னர்ப் படக்கருவியும், நீரைப் பேராற்றலோடு பீச்சும் குழலும் பொருத்தப்பட்டன. நீர்த்தாரை குண்டின் மின்சுற்றைத் தாக்கி, அது வெடிக்கத் தொடங்குமுன்னரே அதன் உறுப்புகளைச் சிதறடிக்கும். இவ்வண்டிகள் பல வெடித்துச் சிதறின. ஆயினும், சிதறிய ஒவ்வொன்றும் ஒரு மனிதன் நின்றிருக்கக்கூடிய இடத்திலே சிதறியது என்பதை எண்ணுதல் வேண்டும். பின்வந்த குண்டகற்றும் பொறிகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி. 2002ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஆப்கானித்தானத்துக் குகைகளை ஆராய அனுப்பிய சிறு பொறிகளும் இப்பணியையே விரிவாக்கின.

பாரத நாட்டு முயற்சிகள்

பாரதத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி, அபிவிருத்தி நிறுவனத்தைச் சேர்ந்த புனே நகர ஆய்வுகூடம் ‘தக்ஷ்’ என்னும் பொறியை ஆக்கியது. இது படியேறவும், கையால் ஐயப்பொருளைத் தூக்கவும், ஊடுகதிரால் அதன் உட்புறத்தைக் காட்டவும், நீர்த்தாரையாற் குண்டைச் சிதைக்கவும் வல்லது. இதன் முதற்றொகுதி 2011ஆம் ஆண்டில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலே சென்னையை அடுத்த ஆவடியில், அர்ச்சுன் தாங்கியை வடிவமைத்த போர் வாகன ஆய்வுநிலையம் உள்ளது. அந்நிலையத்தார் ஆக்கிய ‘முந்த்ரா’ என்னும் ஆளில்லாச் சங்கிலிவண்டி 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வேவு பார்ப்பது, நிலக்கண்ணி கண்டறிவது, அணுக்கதிரோ நச்சுப்பொருளோ பரவிய இடத்தை ஆராய்வது என அது மூவகைப்படும். மனிதன் சென்றால் மீளல் அரிதாகிய இடங்களுக்கே இம்மூவகையும் உரியன.

இலங்கையின் அனுபவம்

இத்தகைய பொறிகளின் பெறுமதியைக் கொழும்பு மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. மறுநாள், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்தின் அருகே நிறுத்தப்பட்டிருந்த வான் ஒன்று, அதிலிருந்த குண்டைப் படையினர் செயலிழக்கச் செய்ய முயன்ற வேளையில் வெடித்தது. 24ஆந் திகதி, வெள்ளவத்தைச் சவோய் திரையரங்கின் அருகே நின்ற மோட்டார்ச் சைக்கிளொன்றைப் பொலிசார் ஐயத்தின்பேரில் வெடிவைத்துத் திறந்தனர்; உள்ளே குண்டு இருக்கவில்லை. குண்டு உண்டோ இல்லையோ என்பதை அறிய எவரேனும் அருகே செல்ல வேண்டும் என்பதே இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான இடர்.

வடக்கிலே இவ்விடர் நாட்கணக்கினதன்று, ஆண்டுக்கணக்கினது. நெடுங்காலம் போர்முனையாக இருந்த முகமாலைப் பகுதியிலே மிதிவெடிகள் செறிந்து புதைக்கப்பட்டன. மிதிவெடி பலவற்றின் உறை பிளாஸ்ரிக்கினால் ஆயது. உள்ளிருக்கும் உலோகம் மிகச் சிறிது. ஆகவே உலோகங்காண் கருவிக்கும் அது எளிதிற் புலப்படாது. தொலைவிலிருந்து இயக்கப்படும் சிலோவாக்கிய நாட்டுப் ‘பொசேனா’ இயந்திரங்களை இலங்கை இராணுவம் பயன்படுத்தியது. சுழலும் உருளையிற் கட்டிய சங்கிலிகளால் நிலத்தை அடித்து, வெடிகளை வெடிக்கவோ உடையவோ செய்வது அவ்வியந்திரத்தின் முறை. ஆனால், உடைந்தும் வெடியாத மிச்சம் மண்ணிற் கிடத்தல் கூடும். பதுங்குகுழிகளிலும் மரவேர்களுக்கிடையிலும் சங்கிலி எட்டாது. படை முன்னேறுதற்கு ஒரு வழி திறந்தாற் போதும். உழவன் மண்வெட்டி பிடிப்பதற்கோ ஒரு வெடியும் எஞ்சுதல் ஆகாது. எனவே இயந்திரம் சென்ற நிலத்தையும் மனிதர் மீண்டும் சோதிக்க வேண்டியதாயிற்று.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே திரிசாந்த நாணயக்கார முதலிய ஆய்வாளர் மேற்கொண்ட முயற்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. 2008ஆம் ஆண்டளவில், பழக்கிய கீரியொன்றைச் சிறு றோபோவோடு பிணைத்து, இரண்டையும் நிலத்திற் செலுத்தினர். வெடிமருந்தின் மணத்தைக் கீரி அறியும். மிதிவெடியை வெடிக்கச் செய்யும் அளவுக்கு அதன் உடலுக்குப் பாரமில்லை. அதனை வழிநடத்துவது றோபோவின் வேலை. இரண்டையும் அப்பால் நின்று ஆள்வது மனிதனின் வேலை. இயந்திரத்துக்கு இல்லாத மூக்கை விலங்கினிடம் இரவல் வாங்கிய இவ்வாராய்ச்சி, இயந்திரத்தின் எல்லையை நேர்மையாக ஒப்புக்கொண்டது எனலாம்.

இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017ஆம் ஆண்டு திசெம்பரிற் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அவ்வுடன்படிக்கை முதலில் அளித்த தவணை 2028ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியாகும். அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தது இயந்திரமன்று. போரினாற் கணவரையோ உடன்பிறந்தாரையோ இழந்து, குடும்பப் பாரத்தைத் தாங்கிய பெண்கள் பலர், முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, பற்களுடைய வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி வெடிகளை எடுத்தனர். ஆளில்லாப் பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் இக்கைகளையும் சேர்த்தே எழுதுதல் கடன்.

ஆயுதமேந்திய பொறி

மறுபுறத்தே, காக்க வந்த பொறி மீண்டும் ஆயுதம் ஏந்தியது. 2007ஆம் ஆண்டில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய மூன்று தரைப்பொறிகளை அமெரிக்கர் ஈராக்குக்குக் கொண்டு சென்றனர். உருசியர் சிரியாவிற் சோதித்த ‘உரான்-9’ கட்டடங்களுக்கிடையே சில நூறு மீற்றர் தூரத்துக்குள்ளேயே தன்னை இயக்குவோருடன் தொடர்பை இழந்ததாக 2018இல் வெளிவந்தது. கோலியாத்தின் அறுந்த கம்பி எழுபது ஆண்டுகளின் பின்னரும் அறுந்தே கிடந்தது. 2016ஆம் ஆண்டு யூலையிலே அமெரிக்காவின் டலசு நகரப் பொலிசார், குண்டகற்றும் பொறியொன்றிலே வெடிமருந்தை ஏற்றி அனுப்பி, ஐந்து பொலிசாரைச் சுட்டுக்கொன்ற ஒருவனைக் கொன்றனர். ஒரே பொறி இரு பணிக்கும் உதவியது. பொறியிலே அறமும் இல்லை, மறமும் இல்லை என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

தொடர்பு அறுதலைத் தவிர்க்க, பொறியையே தீர்மானிக்கச் செய்யலாம் என்பது இக்காலப் பொறியியலார் சிலரின் விடை. அவ்விடையின் ஆபத்தைக் கருதியே 2014ஆம் ஆண்டு முதல் செனீவாவில் நாடுகள் கூடி ஆராயத் தொடங்கின. தவறு செய்த வீரனை நீதிமன்றின்முன் நிறுத்தலாம். தவறு செய்த பொறியை எவ்வாறு நிறுத்துவது? படைக்கு மாட்சியும் செருக்கும் வகுத்த வள்ளுவர், அவற்றை மனிதர்க்கே வகுத்தார். அஞ்சுதலும் இரங்குதலும் மானமும் உடையவனையே வீரன் என்றும், அவனையே பொறுப்புடையவன் என்றும் கொள்வது நம் மரபு.

ஆபத்தினின்று மனிதனை விலக்குவது பொறியின் பயன். பொறுப்பினின்று அவனை விலக்குவது பொறியின் தீங்கு. இவ்விரண்டுக்கும் உள்ள எல்லையைக் காத்து நிற்பின், தள்ளுவண்டியும் தக்ஷும் மொறட்டுவைக் கீரியும் காட்டிய வழியிலே இக்கலை மேலும் வளரும். முகமாலை மண்ணிலே மீண்டும் நெல்லும் தென்னையும் வளர்வதற்குத் துணைநிற்கும் பொறியே, போர் கண்ட இந்நாட்டுக்கு வேண்டிய பொறியாகும்.