ஒரே தேர்வு, நான்கு பள்ளிகள்: வெம்பக்கோட்டை வட்டாரக் கல்வி வரலாறு குறித்து



வெம்பக்கோட்டை என்றதும் இன்று எல்லோரும் அகழாய்வைத்தான் பேசுகிறார்கள். வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் தோண்டி, சங்கு வளையல்களையும் சுடுமண் பொருள்களையும் எடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் இதே வட்டாரத்தில் நாம் இன்னும் தோண்டாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியின் அலமாரியிலும் இருக்கும் சேர்க்கைப் பதிவேடுதான் அது.

விருதுநகர் மாவட்டம் 1985இல் உருவானது. அதன்பின் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்தின் முதலிடம் அதனிடமே இருந்தது. அதே மாவட்டத்துச் சிவகாசி, அதே காலத்தில், குழந்தை உழைப்புக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இரண்டும் எப்படி ஒரே மண்ணில் நடந்தன? தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டு எட்டாம் வகுப்போடு தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போன பிள்ளை அந்தக் கணக்கில் வராது. பள்ளிகளை ஒப்பிட வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் நான்கு வகை. ஒவ்வொன்றும் ஒரு சமூக வரலாற்றிலிருந்து முளைத்தது.

முதல் வகை மிஷன் பள்ளி. 1850களில் ராக்லண்டு முதலிய சி.எம்.எஸ். ஊழியர்கள் சிவகாசியை மையமாகக் கொண்டு வட திருநெல்வேலியில் வேலை செய்தார்கள். சாட்சியாபுரத்துப் பள்ளிகள் அந்தத் தொடர்ச்சி.

இரண்டாவது, உறவின்முறைப் பள்ளி. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகம், 1899 சிவகாசிக் கலவரத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கிவிட்டது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலை மகமையாலும் பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கையால் எழுந்த வரலாறு இது; மதிக்க வேண்டிய வரலாறு. ஆனால் மகமை வசூலிக்க முதலில் கடை வேண்டும், பேட்டை வேண்டும். நிலமும் கடையும் இல்லாத பள்ளர், பறையர், அருந்ததியர் கூலிக் குடும்பங்கள் எதன்மீது மகமை விதிப்பார்கள்? "நீங்களும் அப்படி முன்னேறலாமே" என்று நம்மிடம் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஆதிதிராவிடர் நலப் பள்ளி. 1894இல் அயோத்திதாசர் போன்றோரின் தூண்டுதலில் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். பிறகு 1920களில் சென்னை மாகாண அரசின் லேபர் துறை தனிப் பள்ளிகள் திறந்தது. பொதுப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. சேர்த்தாலும் தனியே உட்கார வைத்தன. அந்த மறுப்புக்குக் கிடைத்த விடைதான் லேபர் பள்ளிக்கூடம்.

நான்காவது, அரசுப் பள்ளி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைக் காமராசர் அரசு 1954 மே மாதம் கைவிட்டது. அதே மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், இன அடிப்படையில் பிரிக்கப்பட்ட பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்று தீர்ப்பளித்தது. அங்கே பிரிவினை சட்டத்தில் எழுதியிருந்தது. இங்கே அதைப் பள்ளிக் கட்டடம் ஊரில் நிற்கிறதா, காலனியில் நிற்கிறதா என்பதில் படிக்கலாம். மதிய உணவும் இலவசக் கல்வியும் முதல் தலைமுறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. அங்கேயே நிலைக்கச் செய்யும் கூலி பெற்றோருக்குக் கிடைக்கவில்லை.

மழை பொய்த்த கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆபீஸ் முன்பணம் கொடுத்தது. 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தவர்கள் தொடங்கிய தொழில், ஐம்பது ஆண்டுகளில் கிராமம் கிராமமாகப் பேருந்து அனுப்பிப் பிள்ளைகளை அள்ளும் அளவுக்கு வளர்ந்தது. 1976இல் மேப்பம்பட்டியில் அப்படியொரு பேருந்து விபத்துக்குள்ளான பிறகே அரசு குழு அமைத்தது. 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தருவது பற்றியும் பேசியது. பள்ளியையும் கூலியையும் ஒரே தராசில் வைத்த தீர்ப்பு அது.

இன்று பட்டாசு ஆலையில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பெற்றோர் இருக்கிறார்கள். 2012 முதலிப்பட்டியிலும் 2021 அச்சன்குளத்திலும் வெடித்தபோது செத்தவர்கள் கூலிக்காரர்கள். தாயோ தந்தையோ செத்த வீட்டில், மறுநாள் பள்ளிக்குப் போவது யார் என்ற கேள்வியை எந்தத் தேர்ச்சிப் பட்டியலும் கேட்பதில்லை.

இப்போது நம் முன்னால் ஒரு முடிவு நிற்கிறது. பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை சொன்னது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்றது. நம்மிலேயே இரண்டு கருத்து உண்டு. தனித்துறை என்பது சேரியை நீட்டிப்பது என்கிறார்கள் சிலர். சேர்த்தால் நம் நிலமும் விடுதியும் ஆசிரியர் பணியிடமும் போய்விடும் என்கிறார்கள் சிலர். இரண்டு அச்சமும் நியாயமானவை. என் கருத்து இது: பெயர்ப் பலகை மாறலாம், மாற வேண்டும். ஆனால் சொத்தும் பணியிடமும் ஒதுக்கிய நிதியும் நம் பிள்ளைகள் பெயரில் எழுத்தில் உறுதியான பிறகே மாற வேண்டும்.

மாணவ நண்பர்களே, இந்த வாதத்துக்குச் சான்று வேண்டும். நான்கு வகையிலும் ஒவ்வொரு பள்ளியை எடுங்கள். ஓர் ஆண்டில் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்காண்டு கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வை அவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். சேர்ந்தவருக்கும் எழுதியவருக்கும் இடையில் காணாமல் போன அந்த எண்ணிக்கைதான் இந்த வட்டாரத்தின் எழுதப்படாத வரலாறு. அதை எழுதி அடுத்த ஆண்டு இதே மேடையில் வாசியுங்கள். கேட்க நான் வருகிறேன்.

ஜெய்பீம்.