மென் ஐஸ்கிறீமைக் கண்டவர் யார்?

புகழ்பெற்றோரின் பெயரைச் சுற்றிக் கதைகள் வளர்தல் உலக வழக்கம். பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் மார்கிரட் தாட்சர் 2013ஆம் ஆண்டிலே காலமானபோது, மென் ஐஸ்கிறீமைக் கண்டுபிடித்தவர்களுள் அவரும் ஒருவர் என்னும் செய்தி பலவிடத்தும் பரவிற்று. ஒக்ஸ்போர்ட்டிலே இரசாயனம் பயின்ற அவர், 1949 முதல் 1951 வரை லயன்ஸ் என்னும் உணவு நிறுவனத்திலே பணிபுரிந்தமை உண்மையே. எனினும், அப்பெருமை அவர்க்கு உரியதா என்பது ஆராயத்தக்கது.

சாதாரண ஐஸ்கிறீம், பாலுங் கொழுப்புஞ் சர்க்கரையுஞ் சேர்ந்த கலவையைக் குளிரூட்டிக் கடைந்து, பின்னர் கடுங்குளிரிலே இறுகவைத்து எடுக்கப்படுவது. இறுகினாலன்றி அதனைப் பொதிசெய்து தொலைவிடங்களுக்கு அனுப்புதல் அரிது. மென் ஐஸ்கிறீமோ இவ்வாறு இறுக்கப்படுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸிலே, கடையும் பொறியினின்றும் நேரே கூம்பில் இறங்குகின்றது. அதன் கொழுப்பும் பெரும்பாலும் 3 முதல் 6 வீதமே. ஆயினும் சுவை குன்றுவதில்லை. கடுங்குளிர் நாவை மரக்கச் செய்யும், குளிர் சற்றே தணிந்தவிடத்துச் சுவை நன்கு புலப்படும்.

இதனை அமெரிக்கர் முன்னரே அறிந்திருந்தனர். 1934ஆம் ஆண்டிலே, நியூயோர்க் மாநிலத்து ஹார்ட்ஸ்டேல் என்னுமிடத்தில், டொம் கார்வெல் என்பாரது ஐஸ்கிறீம் வண்டியின் சில்லொன்று காற்றிழந்து நின்றது. உருகத் தொடங்கிய பண்டத்தை அவ்விடத்திலேயே அவர் விற்கலானார். மக்கள் அதனை விரும்பி உண்டனர். அவ்விடமே பின்னர் அவரது கடையாயிற்று.

இலினோய் மாநிலத்து வணிகர் மக்கலோவும் அவர்தம் மைந்தரும் இன்னும் ஒருபடி சென்றனர். ஐஸ்கிறீமை இறுக்குதல் விற்பவரின் வசதிக்கேயன்றி உண்பவரின் நாவுக்கன்று எனக் கண்ட அவர்கள், 1938 ஆகஸ்டிலே கங்ககீ நகரிலுள்ள நண்பரொருவரின் கடையிற் சோதனை நடாத்தினர். 10 சதத்துக்கு வேண்டியமட்டும் உண்ணலாம் என்று அறிவிக்க, 2 மணி நேரத்துள் 1,600க்கும் மேற்பட்ட கிண்ணங்கள் பரிமாறப்பட்டன. அன்று ஏற்ற பொறி இருக்கவில்லை. ஹரி ஒல்ட்ஸ் என்பார் அமைத்த பொறியின் உரிமையைப் பெற்றபின்னரே வணிகம் கைகூடிற்று. 1940 யூன் 22இல் ஜோலியட் நகரில் 'டெயிரி குயின்' முதற்கடை திறக்கப்பெற்றது.

தாட்சர் லயன்ஸில் சேர்ந்ததோ அதற்கு 9 ஆண்டுகளின் பின். ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கிய அளவிலே கதை தானே கரைந்துவிடுகின்றது. தெருவோரத்திலும் சிறுகடையிலும் உழைத்தோர் ஈட்டிய பெருமையை, பெரும்பெயர் ஒன்றைக் கண்டு மாற்றிக் கொடுத்தல் முறையன்று. உரியவர்க்கு உரியதை அளித்தலே வரலாற்றின் கடன். அக்கடன் ஒரு கூம்பு ஐஸ்கிறீமுக்கும் பொருந்தும்.