இலவசம்தான்... ஆனாலும் லிப்ரே ஆபீஸ் என்றால் ஊழியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

மாலை 5.45 மணி. கிளையன்ட்டுக்கு கொட்டேஷன் அனுப்ப வேண்டும். ஆபீஸில் புதிதாகப் போட்டுக்கொடுத்த லிப்ரே ஆபீஸில் ஃபைலைத் திறக்கிறீர்கள். ஒரே பக்கத்தில் அடங்கியிருந்த டேபிள் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்திருக்கிறது. சரிசெய்து சேவ் கொடுத்தால், 'வேர்டு ஃபார்மட்டா, ஓடிஎஃப் ஃபார்மட்டா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்கிறது. "எதுவா இருந்தா என்னப்பா, முதல்ல சேவ் ஆகு!" என்றுதான் தோன்றும்.

லைசன்ஸ் செலவு மிச்சம் என்பது அந்த நேரத்தில் உங்களுக்குப் பெரிதில்லை. மிச்சம் கம்பெனிக்கு, திட்டு உங்களுக்கு. அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் ஜெயிப்பதும் தோற்பதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருளா?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதன் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வருவதுதான் கட்டற்ற மென்பொருள். ஜிமெயிலுக்கு நீங்கள் காசு கட்டுவதில்லை. ஆனால் அதன் நிரலை எடுத்து மாற்ற முடியாது. எனவே அது இந்தக் கணக்கில் வராது.

லிப்ரே ஆபீஸின் வேர் ஜெர்மனியின் ஸ்டார் ஆபீஸ். 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000-ல் நிரலைத் திறந்துவிட்டது. ஓபன் ஆபீஸ் பிறந்தது. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு டெவலப்பர்கள் பலர் பிரிந்து வந்து, 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள்.

டேபிள் ஏன் வழிகிறது?

பெரும்பாலும் ஃபான்ட்தான் காரணம். 2007 பதிப்பிலிருந்து பல ஆண்டுகள் வேர்டின் டீஃபால்ட் எழுத்துருவாக இருந்தது கேலிப்ரி. அது மைக்ரோசாஃப்ட்டின் சொத்து, லினக்ஸ் கணினியில் இருக்காது. அதற்குப் பதில் வேறு ஃபான்ட் உட்காரும்போது ஒவ்வொரு எழுத்தின் அகலமும் இம்மியளவு மாறும். இம்மி இம்மியாகச் சேர்ந்து ஒரு வரி கீழே இறங்கும், டேபிள் அடுத்த பக்கம் போகும்.

இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் கேலிப்ரியின் அதே அகலத்தில் இருக்கும். வடிவம் கொஞ்சம் மாறினாலும் வரி உடையும் இடம் மாறாது. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள் இதே வேலையைச் செய்கின்றன. பயனருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலே வேலை நடப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

பட்டன் எங்கே போச்சு?

மைக்ரோசாஃப்ட் 2007-ல் ரிப்பன் பட்டையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வேலைக்கு வந்த தலைமுறையின் கை அதற்கே பழகியது. லிப்ரே ஆபீஸ் 2017-ல் 5.3 பதிப்பில் இதேபோன்ற தோற்றத்தைச் சோதனை முறையில் தந்தது. 2019-ல் 6.2 பதிப்பில் அது முறையாக வந்தது.

ஆனால் 'வியூ' மெனுவுக்குள் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்று போய்ப் பார்த்தால், ஒன்றுக்கு ஏழு தோற்றங்கள் நிற்கின்றன. டெவலப்பருக்கு அது சுதந்திரம். பில் போட உட்கார்ந்தவருக்கு அது இன்னொரு வேலை. அவர் அமைப்புகளை நோண்ட மாட்டார், முதலில் கண்ணில் பட்டதைத்தான் மென்பொருள் என்று நினைப்பார். அதனால் எது டீஃபால்ட் என்பதே இங்கே பெரிய முடிவு.

மியூனிக் சொல்லும் பாடம் என்ன?

ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2013-க்குள் சுமார் 15,000 கணினிகள் மாறின. 2017-ல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதில் அரசியலும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் ஃபைல்கள் ஒழுங்காகத் திறப்பதில்லை என்ற ஊழியர்களின் புலம்பலும் அந்த விவாதத்தில் இருந்தது.

அதே திட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. அலுவலகக் கடிதங்களின் தலைப்பு, முகவரி, படிவங்களை ஒரே சீராக நிரப்பித் தர 'வோல்மக்ஸ்' என்ற கருவியை நகர நிர்வாகமே உருவாக்கி, கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. கடிதம் அடிப்பவரின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துச் செய்த கருவி அது.

கேரளப் பள்ளிகள் இன்னொரு உதாரணம். மாநிலம் முழுக்க கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடக்கிறது. மென்பொருளைக் கொடுத்ததோடு விடாமல், மலையாளத் தட்டச்சைச் சேர்த்தார்கள், பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து ஸ்டாஃப் ரூமிலேயே கேட்கலாம்.

இந்திய அரசு 2015-லேயே திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டுவிட்டது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது. ஆனால் உத்தரவு வந்துவிட்டதாலேயே யாருக்கும் மென்பொருள் பிடித்துப்போகாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஐடி டீமில் இருந்தால்: ஊழியர் கையில் கொடுப்பதற்கு முன்பே ஃபான்ட்களைப் போடுங்கள். பழகிய தோற்றத்தை அமையுங்கள். 'டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லோட்/சேவ் – ஜெனரல்' பகுதியில் டாக்எக்ஸ் வடிவத்தை டீஃபால்ட்டாக வையுங்கள், அந்தக் கேள்விப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். மேக்ரோ நிறைந்த எக்செல் ஷீட்களை நம்பியிருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கடைசியில் மாற்றுங்கள். அந்த மேக்ரோக்கள் எல்லாம் அப்படியே ஓடும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

டெவலப்பராக இருந்தால்: கோடிங் தெரியாத ஒருவரின் பின்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அங்க இல்ல, மேல பாருங்க" என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய பட்டியல் அதுதான்.

வெறும் பயனர்தான் என்றால்: ஃபைல் உடைந்தால் "நமக்குத்தான் தெரியல" என்று விட்டுவிடாதீர்கள். ரகசியத் தகவல்களை நீக்கிவிட்டு, அந்த ஃபைலையே இணைத்து லிப்ரே ஆபீஸின் பிழைப் பதிவுத் தளத்தில் போடுங்கள். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் கொட்டேஷனில் வழிந்த அந்த டேபிள், அதைத் திருத்த உட்காரும் டெவலப்பருக்குக் கையில் கிடைத்த ஆதாரம்.